கஞ்சி போன்றது

ஆறு துணுக்குகள். நொய்யரிசி அளவு.
ஃபார்மலின் டப்பாவின் மூடியில்
ஆதிலிங்கம், ஆண், 47, சல்மாபாத்.
கம்ப்யூட்டரில் ஏற்றியபோது ஆடிலிங்கம் ஆகிவிட்டார்.
நான் திருத்தவில்லை, திருத்தினால்
இன்சூரன்ஸ்காரன் வேறு ஆள் என்பான்.

எட்டு மாதமாக வயிற்றுப்போக்கு,
பதினாறு கிலோ காணவில்லை, சில நாள் ரத்தம்.
கேம்ப் சாப்பாடு என்றது ஒரு கிளினிக்.
டென்ஷன் என்றது இன்னொன்று.
மூன்றாவது பூச்சி மாத்திரை கொடுத்தது,
நான்கு தினார்.

மெழுகில் புதைத்து, சீவி, சாயம் ஏற்றினேன்.
ரத்தக்குழாய்களின் சுவரெல்லாம்
எதுவும் சொல்லாத ஒரு ரோஸ் நிறம்
பூசியமாதிரி நின்றது.
டாக்டர் நெர்மீன் கண்ணை எடுக்காமலே சொன்னாள்:
காங்கோ ரெட் போடு.

யாரும் தொடாத பாட்டில் அது, அலமாரியின் பின்வரிசை,
மூடி உப்புப் பூத்து இறுகியிருந்தது.
இதற்குக் கொஞ்சம் தடிமனாகச் சீவ வேண்டும்.
பக்கத்தில் ஒப்பிட வேறொருவரின் சிறுநீரகம்,
அவர் யாரென்று இப்போது யாருக்கும் தெரியாது.

விளக்கை அணைத்துவிட்டு
வடிகட்டியைத் திருப்பினேன்.
இருட்டு, இருட்டு, பிறகு
பச்சை.
ஆப்பிள் என்கிறது புத்தகம்.
எனக்குக் கண்ணாடி வளையல்.
பதினோரு வருஷத்தில் இரண்டாவது முறை பார்க்கிறேன்.
"மாரிசெல், ஓடி வா!" என்று கத்தினேன்,
பக்கத்து அறையிலிருந்தும் வந்தார்கள்,
வரிசையில் நின்று பார்த்தார்கள்,
ஒருத்தி போனில் படம் எடுத்தாள்.
அப்புறம்தான் டப்பாவைத் திரும்பப் பார்த்தேன்.

புதன்கிழமை மாடிக்குக் கூப்பிட்டார்கள்,
தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.
நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்,
பெல்ட்டில் புதிதாகக் குத்திய மூன்று ஓட்டை.

புரதம்ணே, படிஞ்சிருக்கு, குடல்ல.
"முட்டையில இருக்குமே, அதா? நல்லதாச்சே."
இது மடிப்புத் தப்பினது.
அவர் சிரித்தார்.
ஜுஃபேர் ஹோட்டல்களின் விரிப்பெல்லாம்
அவர் கைக்குத்தான் வருகிறதாம்,
ராத்திரிக்கு ஆயிரத்து இருநூறு.
"மூலை தப்புனா நாங்க மறுபடி
தண்ணித் தொட்டிக்கு அனுப்பிருவோம்.
இத அனுப்ப முடியாதான்னு கேளுங்க."

கேட்டேன்.
டாக்டர் ஐந்து நிமிடம் பேசினாள்:
எலும்பு மஜ்ஜை, இதயம், எந்த வகை என்று தெரிய வேண்டும்,
புதிதாக வராமல் தடுக்க மருந்து இருக்கிறது,
படிந்தது கரைய நாளாகும், கரையாமலும் போகலாம்.
தமிழில் என் வாயில் வந்தது:
"பாக்கலாம்ணே."

பெயர் என்ன என்று கேட்டார்.
சொன்னேன். அவர் வாய் அதைச் சுற்றவே இல்லை.
மாவு மாதிரி என்று அர்த்தம் என்றேன்,
அந்தக் காலத்தில் மாவென்று நினைத்து வைத்த பெயர்,
இல்லை என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை.
"கஞ்சியா? நம்ம டிபார்ட்மென்டு."
ஆறு வாரமாக அவர் வயிற்றில் தங்குவது
அது ஒன்றுதான் என்பதையும்
அதே சிரிப்போடு சொன்னார்.
நெர்மீன் என் முகத்தைப் பார்த்தாள்.
இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

கிளம்பும்போது என் கோட்டின் காலரைத் திருப்பி
உள்ளே மையில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார்.
"எங்க துணிதான்.
ஸ்டீம் கம்மியா வச்சிருக்கான், பையன் புதுசு."

மார்ச்சில் கம்பெனி டிக்கெட் போட்டது.
மஜ்ஜை ஊரில் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள்.
அறிக்கையை நான் இரண்டு நகல் எடுத்தேன்,
ஒன்றில் பெயரைக் கையால் திருத்தினேன்,
பச்சைப் படத்தையும் சேர்த்து வைத்தேன்,
மதுரையில் யாராவது முதல் நாளே
சரியான பாட்டிலைத் திறக்கட்டும் என்று.

மெழுகுக் கட்டைகளைப் பத்து வருஷம்
வைத்திருக்க வேண்டும், எங்கள் விதி.
மூன்றாவது இழுப்பறையில் ஆடிலிங்கம் இருக்கிறார்,
விசா கேட்க ஆளில்லை.
வெளியே ஷமால் அடிக்கிறது, கண்ணாடியெல்லாம் புழுதி.
இந்த வாரம் வந்த கோட்டில்
கை நுழையவில்லை, அவ்வளவு கஞ்சி.